கோவிட் வந்து போய் ஒன்றரை வருஷம்: கணக்கு வேலையில் கவனம் நிற்கவில்லை, எம்ஆர்ஐ நார்மல். அடுத்து என்ன?

செந்தில்_திருப்பூர்

அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 44. பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவு. டாலி சாஃப்ட்வேரில் என்ட்ரி, பேங்க் ரிகன்சிலியேஷன் (கம்பெனிக் கணக்கை பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்ப்பது), ஜிஎஸ்டி தாக்கல் மூன்றும் அவர் பொறுப்பு. கோவிட் வந்தபோது ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு இல்லை, காய்ச்சலோடு போனது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக இப்படி:

காலையில் ஓரளவு தெளிவாக இருக்கிறார். பதினொரு மணி தாண்டினால் எண்கள் இடம் மாறுகின்றன, 5,640 என்பது 5,460 ஆகிவிடுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை கிடைக்காமல் நின்றுவிடுகிறார். டிவி ஓடும் அறையில் யாராவது ஏதாவது சொன்னால் காதில் விழுகிறது, மண்டையில் ஏறுவதில்லை. குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது தெரிவதில்லை. மாதம் 11, 20 தேதிகளை ஒட்டி வேலை கூடினால், அதை எப்படியோ முடித்துவிடுகிறார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்திருக்க முடிவதில்லை.

எம்ஆர்ஐ நார்மல். நினைவாற்றல் டெஸ்ட் ஒன்றில் 30-க்கு 27. டென்ஷனைக் குறைக்கச் சொல்லி பி-காம்ப்ளெக்ஸ் சத்து மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் ‘எல்லாம் மனசுதான்’ என்கிறார்கள். வேறு என்ன டெஸ்ட் கேட்க வேண்டும்? மூளைக்குப் பயிற்சி தரும் ஆப்கள் வாங்கலாமா? வேலையை விட்டுவிடாமல் ஓட்ட வழி உண்டா?

கீரைக்கட்டு

வல்லாரைத் துவையல் தினம் கொடுங்க. சுடோகு, குறுக்கெழுத்து போடச் சொல்லுங்க. மூளையும் தசை மாதிரிதான், வேலை கொடுக்கக் கொடுக்கத்தான் தேறும். சும்மா படுத்திருந்தா இன்னும் மந்தமாயிடும்.

நியூரோசைக்_கோவை

துவையல் நல்லதுதான், சாப்பிடட்டும். சுடோகு பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செந்தில், எம்ஆர்ஐ நார்மலாக இருப்பதும் 27 எடுத்ததும் இந்தப் பிரச்சினையில் வழக்கமாகப் பார்ப்பதுதான். அக்காவுக்கு வைத்தது அநேகமாக மோகா டெஸ்ட். 26-ம் அதற்கு மேலும் நார்மல் என்று எடுத்துக்கொள்வார்கள். வயதானவர்களுக்கு வரும் மறதி நோயின் தொடக்கத்தைப் பிடிக்க உருவாக்கிய டெஸ்ட் அது. அமைதியான அறையில், ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்க, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அக்காவின் சிக்கலோ இரைச்சலுக்கு நடுவே, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கும்போது, மூன்றாவது மணி நேரத்தில் வருகிறது. அந்த டெஸ்ட் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

கோவிட்டுக்குப் பிறகு அடிபடுவது பெரும்பாலும் மூன்று: யோசிக்கும் வேகம், கவனத்தைப் பிடித்து வைப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. மறதி மாதிரி தெரிவதில் பாதி, முதலிலேயே சரியாகப் பதியாததுதான். வீட்டிலேயே கவனிக்கலாம். மறந்ததைப் பற்றி ஒரு துப்புக் கொடுத்ததும் ‘ஆமா’ என்று முழுதும் ஞாபகம் வந்தால் விஷயம் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். துப்புக் கொடுத்தும் அப்படி ஒன்று நடந்த சுவடே இல்லை என்றால் அது வேறு கதை, நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மேற்கொண்டு டெஸ்ட் வேண்டுமென்றால் விரிவான நியூரோசைக்காலஜி மதிப்பீடு கேளுங்கள். குறிப்பாக ட்ரெயில் மேக்கிங் ஏ, பி இரண்டும், குறியீட்டுக்கு எண் பொருத்தும் சிம்பல் டிஜிட் டெஸ்டும் இருக்கட்டும். ட்ரெயில் மேக்கிங் ஏ-யில் எண்களை மட்டும் வரிசையாகக் கோட்டால் இணைக்க வேண்டும், பி-யில் ஒரு எண், ஒரு எழுத்து என்று மாறி மாறிக் கோடு போட வேண்டும். ஏ-க்கும் பி-க்கும் ஆகும் நேரத்தின் வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய டெஸ்ட் தொகுப்பு இந்தியர்களின் அளவுகோலோடு இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் சைக்காலஜிஸ்ட்டாகப் பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். காலையில் தெளிவாக இருக்கும்போது முடித்துவிட்டு வந்தால் மறுபடி ‘நார்மல்’ என்றுதான் வரும். கவன டெஸ்ட்டைத் தொடக்கத்தில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை வைக்க முடியுமா என்று கேளுங்கள். இன்னொன்று: கணக்கில் கெட்டியாக இருந்தவர் சராசரிக்கு இறங்கினால் ரிப்போர்ட்டில் ‘சராசரி’ என்றுதான் இருக்கும். படிப்பு, வேலை, முன்பு எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

‘மனசுதான்’ என்பவர்களுக்கு: லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில் 1,12,964 பேர் ஆன்லைனில் டெஸ்ட் எழுதினார்கள். கோவிட் வராதவர்களோடு ஒப்பிட்டால், வந்து சீக்கிரம் குணமானவர்களுக்குச் சுமார் 3 ஐக்யூ புள்ளிக்குச் சமமான குறைவு. அறிகுறிகள் இன்னும் நீடிப்பவர்களுக்குச் சுமார் 6. ஐசியுவில் இருந்தவர்களுக்குச் சுமார் 9. நாள்பட்ட அறிகுறி இருந்து பிறகு தீர்ந்தவர்களின் மதிப்பெண், சீக்கிரம் குணமானவர்களை ஒட்டியே இருந்தது. அதாவது அறிகுறி தீர்ந்தால் மூளையும் பெருமளவு மீள்கிறது. அதே ஆண்டு டப்ளின் குழு ஒன்று, இந்த மூளை மந்தம் (பிரெயின் ஃபாக்) உள்ளவர்களுக்கு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பில் கசிவு இருப்பதைச் சிறப்பு எம்ஆர்ஐயில் காட்டியது. சாதாரண எம்ஆர்ஐயில் அது தெரியாது. மனச்சோர்வும் கூடவே இருக்கலாம், இருந்தால் அதற்கும் மருந்து எடுக்கட்டும். ஒன்று இருப்பதால் மற்றது பொய் ஆகிவிடாது.

சுடோகு விஷயம். அமெரிக்காவின் ரெகவர்-நியூரோ சோதனையில் கம்ப்யூட்டர் மூளைப் பயிற்சி, தெரபிஸ்ட் நடத்தும் பயிற்சி, மண்டைமேல் மெல்லிய மின்சாரம் கொடுப்பது எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார்கள். எந்தக் குழுவும் மற்றதைவிடத் தெளிவாக மேலே வரவில்லை. ஆப்புக்குப் பணம் கட்டாதீர்கள். அக்கா இரண்டு நாள் கழித்துப் படுத்துவிடுகிறார் என்கிறீர்களே, அப்படிப்பட்டவருக்கு ‘வேலை கொடுத்தால் தேறும்’ என்பது சரிப்படாது. இருக்கும் கொஞ்ச நஞ்சத் தெளிவையும் ஆப்பில் செலவழிப்பதாகத்தான் முடியும்.

ஓடி_தெரபிஸ்ட்

மேலே சொன்னதில் நான் பிடித்துக்கொள்வது அந்த இரண்டு நாள் தாமதத்தை. உடம்போ மூளையோ அளவுக்கு மேல் உழைத்தபின், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து எல்லா அறிகுறியும் கூடுவதை ‘உழைப்புக்குப் பின் சரிவு’ என்பார்கள். இது இருப்பவருக்கு உடற்பயிற்சியைப் படிப்படியாக ஏற்றும் திட்டம் வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் நாள்பட்ட சோர்வு நோய்க்கான வழிகாட்டுதலை மாற்றியது. யாராவது ‘தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்’ என்றால், முதலில் இந்தச் சரிவைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள்.

முதல் வேலை, 14 நாள் ஒரு நோட்டு. ஆப் வேண்டாம், ரூல் போட்ட நோட்டு போதும். ஒரு வரியில் நேரம், செய்த வேலை, அப்போது உட்கார்ந்திருந்தாரா நின்றிருந்தாரா, மந்தம் 0 முதல் 10-க்குள் எவ்வளவு. இரவு தூங்கிய மணி நேரம், சாப்பிட்ட மாத்திரை, மாதவிலக்கு நாள் ஆகியவற்றை ஓரத்தில். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரிக்கு மேல் எழுத வேண்டாம், எழுதுவதே சோர்வாகிவிடும். மோசமான நாள் வந்ததும் அன்றைய வரிகளைப் பார்க்காதீர்கள், முந்தின நாளையும் அதற்கு முந்தின நாளையும் பாருங்கள். அநேகமாகக் காரணம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அந்த நோட்டிலிருந்து முதல் தப்பு எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, ரிகன்சிலியேஷனில் 40-வது நிமிஷத்தில் எண் புரள ஆரம்பித்தால், 25-28 நிமிஷத்தில் நிறுத்த வேண்டும். டைமர் அடித்ததும் நிறுத்துவதுதான் கஷ்டம், ஏனென்றால் அந்த நிமிஷத்தில் நன்றாகத்தான் இருக்கும். நன்றாக இருக்கும்போதே நிறுத்தினால்தான் பலன். பிறகு 10-15 நிமிஷம் ஓய்வு. ஓய்வு என்றால் கண்ணை மூடிச் சாய்ந்து அல்லது படுத்து இருப்பது. ஃபோனில் ரீல்ஸ் பார்ப்பது மூளைக்கு வேலைதான், அதைக் கணக்கில் உழைப்பாகவே எழுதுங்கள். இப்படி இரண்டு வாரம் சரிவே வராமல் ஓடினால் ஒரு தவணைக்கு இரண்டு மூன்று நிமிஷம் கூட்டலாம். சரிவு வந்தால் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும்.

இந்த முறை தோற்றுப்போவது பெரும்பாலும் நல்ல நாளில். ஒரு நாள் தெளிவாக இருந்தால் ஒரு வாரத்துப் பாக்கியை அன்றே இழுத்துப்போட்டு முடிப்பார்கள். அடுத்த மூன்று நாள் போயிற்று. காபியும் இதே வேலையைச் செய்யும். சோர்வின் எச்சரிக்கையை மறைத்துவிடுவதால் எல்லை தாண்டியது தெரியாது. காலையில் ஒன்று போதும், மத்தியானத்துக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் இரண்டு விஷயம். ஒன்று, அடுத்த அறையிலிருந்து, மிக்ஸி ஓடும்போது, நடந்துகொண்டே எதையும் சொல்லாதீர்கள். எதிரே வந்து, ஒரு விஷயம் மட்டும். ‘இது ஞாபகம் இருக்கா, அது ஞாபகம் இருக்கா’ என்று சோதிக்கவே வேண்டாம். இரண்டு, அடுப்பு. விசிலை எண்ணுவதை விட்டுவிட்டு நிமிஷத்துக்கு மாறுங்கள். வீட்டுக் குக்கரில் அரிசிக்கு, பருப்புக்கு முதல் விசிலிலிருந்து எத்தனை நிமிஷம் என்று ஒரு தடவை அளந்து, அந்த எண்ணை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். முதல் விசிலுக்கு டைமர். அந்த டைமர் ஃபோனில் இருந்தால் அதை எடுக்கும்போது வாட்ஸ்அப்புக்குள் போய்விடுவார்கள். கையால் திருகும் சமையல் டைமர்தான் நல்லது. டைமர் முடுக்காமல் அடுப்படியை விட்டு நகரக்கூடாது என்பது ஒரே விதி. தானே அணையும் இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் பால் காய்ச்ச அதுதான். மந்தம் 6-க்கு மேல் எழுதும் நாளில் ஸ்கூட்டி வேண்டாம்.

ஃபார்மா_மீனா

மாத்திரைப் பட்டியல் பற்றி யாரும் கேட்கவில்லையே. செந்தில், அக்கா சாப்பிடும் எல்லாவற்றையும், கடையில் தானாக வாங்கிப் போடுவது உட்பட, ஒரு தாளில் எழுதுங்கள்.

நான் முதலில் தேடுவது குளோர்பெனிரமைன். சளி, தும்மல், உடம்புவலிக்குக் கடையில் ‘ஒரு செட்’ என்று கொடுக்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் இது இருக்கும். உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். இரவு போட்டது மறுநாள் ஆபீசிலும் வேலை செய்துகொண்டிருக்கும். பெனிரமைன், புரோமெதசின், வயிற்று வலிக்கு டைசைக்ளோமின், தலைவலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் எல்லாமே நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டில்கோலினைத் தடுக்கும் வகை. தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் தொடரும் சின்னரிசின், ஃப்ளூனரிசின் மந்தத்தைக் கொடுக்கும். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் டோபிராமேட், வார்த்தை தேட வைப்பதில் பெயர் போனது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்ப்ரசோலம், குளோனசெபம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அமிட்ரிப்டிலின், அல்ப்ரசோலம், குளோனசெபம், டோபிராமேட் எதையும் இன்று நினைத்து இன்றே நிறுத்தக்கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான். அலர்ஜிக்கு மாத்திரை தேவைப்பட்டால் தூக்கம் தராத ஃபெக்ஸோஃபெனடின் மாதிரி ஒன்றுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

ரத்த டெஸ்ட்: சிபிசி (ரத்த அணுக்கள்), ஃபெரிடின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), பி12, டிஎஸ்எச் (தைராய்டு), எச்பிஏ1சி (சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி), சோடியம், கிரியாட்டினின், கல்லீரல் டெஸ்ட், வைட்டமின் டி. 44 வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போகிறதென்றால் ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தாலும் ஃபெரிடின் அடிமட்டத்தில் இருக்கலாம். அதனால் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு நிற்கும் கட்டத்தை நெருங்கும்போது வரும் மந்தமும் இதே மாதிரிதான் இருக்கும், மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். பி12 200-க்குக் கீழே என்றால் குறைவு, 200-300 சந்தேகம். சைவம் சாப்பிடுபவர், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அசிடிட்டிக்கு வருஷக்கணக்கில் பான்டோபிரசோல் எடுப்பவர் என்றால் கட்டாயம் பார்க்கவும்.

இதில் இரண்டு இடத்தில் ரிசல்ட் ஏமாற்றும். பி12 ஊசியோ மாத்திரையோ ஆரம்பித்த பிறகு பார்த்தால் எண் உயரமாகத்தான் காட்டும், முன்பு குறைவாக இருந்ததா என்று தெரியாது. அக்காவுக்கு ஏற்கெனவே பி-காம்ப்ளெக்ஸ் கொடுத்துவிட்டதால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று பயோட்டின். கோவிட்டுக்குப் பிறகு முடி கொட்டுவதற்காகப் பலர் 10 மில்லிகிராம் பயோட்டின் சாப்பிடுகிறார்கள். பல லேப் மெஷின்களில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான டி4-ஐக் கூட்டியும் காட்டும். இல்லாத தைராய்டு கோளாறு பேப்பரில் வந்துவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

குறட்டை இருக்கிறதா? மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னார்களா? இருந்தால் தூக்க டெஸ்ட்டும்.

கீரைக்கட்டு

யேல் யூனிவர்சிட்டில என்ஏசிங்கிற சத்து மாத்திரையும் குவான்ஃபசினும் சேர்த்துக் கொடுத்து மந்தம் போயிடுச்சுன்னு படிச்சேன். அது?

ஃபார்மா_மீனா

அது 12 பேருக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவக் குறிப்பு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. குவான்ஃபசின் ரத்த அழுத்தத்தை இறக்கும் மருந்து. நிற்கும்போது தலை கிறுகிறுக்கும் ஆளுக்கு அதைக் கொடுத்தால் மந்தம் கூடவும் செய்யலாம். ஸ்டான்ஃபோர்டில் கோவிட் மருந்தான பாக்ஸ்லோவிட்டை 15 நாள் கொடுத்துப் பார்த்த சோதனையிலும் பலன் இல்லை. இன்றைய நிலையில் இதற்கென்று நிரூபணமான மாத்திரை இல்லை.

ஓடி_தெரபிஸ்ட்

நிற்பது பற்றி மீனா மேடம் தொட்டதால்: வீட்டிலேயே நிற்கும் டெஸ்ட் ஒன்று செய்துவிட்டு டாக்டரிடம் போனால் பாதி வேலை முடியும். 2021-ல் வாங்கி அலமாரியில் கிடக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் போதும், பிபி மெஷினும் இருந்தால் நல்லது. நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள்.

காலையில், காபிக்கு முன். 10 நிமிஷம் பேசாமல் படுத்திருக்கட்டும். நாடித்துடிப்பையும் பிபியையும் குறியுங்கள். எழுந்து, குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி, தோள் மட்டும் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். காலை ஆட்டக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு நிமிஷமும் துடிப்பு, 1, 3, 5, 10-வது நிமிஷத்தில் பிபி. பக்கத்தில் ஆள் கட்டாயம். கண் இருட்டினாலோ வியர்த்தாலோ உடனே படுக்க வைத்துவிடுங்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு 10 நிமிஷத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் ஏறி அப்படியே நின்று, பிபி பெரிதாக விழாமல் இருந்தால் பாட்ஸ் என்ற கோளாறைச் சந்தேகிப்பார்கள். முதல் 3 நிமிஷத்தில் மேல் பிபி 20, அல்லது கீழ் பிபி 10 விழுந்தால் அது வேறு வகை. இரண்டிலும் நிற்கும்போது, நிமிர்ந்து உட்காரும்போதுகூட, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. படுத்தால் யோசனை தெளிகிறது என்பது இதன் அடையாளம். பிபி மாத்திரை, படபடப்புக்கு புரோப்ரனலால் எடுப்பவருக்கு எண் மாறும். நிறுத்திவிட்டு டெஸ்ட் செய்யாதீர்கள், எடுப்பதை எழுதிவையுங்கள்.

செந்தில்_திருப்பூர்

எல்லாருக்கும் நன்றி. நோட்டு எழுதினோம், டெஸ்ட்டும் செய்தோம். படுத்திருக்கும்போது 72, எட்டாவது நிமிஷத்தில் 108, பிபி விழவில்லை. இன்னொரு நாளும் ஏறத்தாழ அதே. மந்தம் அதிகமான நேரங்கள் எல்லாம் காலையில் நின்றுகொண்டே சமைத்து, பஸ்ஸில் நின்று போன பிறகுதான். மாத்திரைத் தாளில் சின்னரிசின் இருந்தது, எப்போதோ தலைசுற்றலுக்குக் கொடுத்ததை நிறுத்தவே இல்லை. முடிக்குப் பயோட்டினும் உண்டு! எந்த டாக்டரிடம் போவது? அதுவரை என்ன செய்யலாம்?

ஓடி_தெரபிஸ்ட்

முதலில் பொது மருத்துவர். நோட்டையே நீட்டாதீர்கள், யாரும் புரட்ட மாட்டார்கள். ஒரே பக்கத்தில் நிற்கும் டெஸ்ட்டின் எண்கள், மாத்திரைப் பட்டியல், சரிவு வந்த நாள்களும் அதற்கு முந்தின நாள் செய்த வேலையும். ‘ஒரே மறதியா இருக்கு டாக்டர்’ என்று ஆரம்பித்தால் பேச்சு டென்ஷனுக்குத்தான் போகும். ‘நின்றால் துடிப்பு 36 ஏறுகிறது’ என்று ஆரம்பியுங்கள். இசிஜி எடுப்பார்கள், ரத்தசோகை, தைராய்டு இல்லை என்று உறுதிசெய்வார்கள், தேவைப்பட்டால் இதய மருத்துவரிடம் அனுப்புவார்கள். சின்னரிசின் இன்னும் வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவு இருந்தால், அன்றாட வேலைத் திட்டத்துக்கு அங்கே கேட்கலாம்.

அதுவரை: எழுவதற்கு முன் படுக்கையிலேயே அரை லிட்டர் தண்ணீர் சீக்கிரமாகக் குடித்துவிட்டு, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, பிறகு எழட்டும். நாளுக்கு 2-3 லிட்டர் தண்ணீர். காய் நறுக்குவது, தேய்ப்பது எல்லாம் உட்கார்ந்து. அடுப்படியில் ஒரு உயர ஸ்டூல். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் நேரத்துக்கு ஆபீஸ் நேரத்தை மாற்ற முடிந்தால் அதுவே பெரிய லாபம். மத்தியானம் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுப் பக்கம் போய்விடும், இரண்டாகப் பிரித்துச் சாப்பிடட்டும். சுடுதண்ணீர்க் குளியல் வேண்டாம்.

உப்பு பற்றிக் கவனம். பாட்ஸ் உறுதியானால் நாளுக்கு 10 கிராம் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு டீஸ்பூன் வரை, உப்பைக் கூட்டச் சொல்வதுண்டு. பிபி, சிறுநீரகம், இதயக் கோளாறு இருந்தால் அது ஆபத்து, டாக்டர் சொல்லாமல் கூடாது. ஓஆர்எஸ் என்றால் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்ட பொட்டலம், ஒரு லிட்டருக்கு ஒன்று. டப்பாவில் வரும் இனிப்பு பானம் அல்ல. நம் ஊர் வெயிலில் நீளமான கம்ப்ரஷன் சாக்ஸை யாரும் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு கட்டும் வயிற்று பெல்ட்டை நிற்கும் நேரத்துக்கு மட்டும் கட்டினால் ஓரளவு அதே பலன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். திடீரென்று வாய் கோணுவது, ஒரு கை கால் வலு இழப்பது, பேச்சு குழறுவது, வலிப்பு, தெரிந்த தெருவிலேயே வழி தெரியாமல் போவது, வாரத்துக்கு வாரம் வேகமாக மோசமாவது: இவை எதுவும் கோவிட் மந்தம் அல்ல. முதல் நான்குக்கு 108, காத்திருக்கக் கூடாது. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

டாலி_பெரியசாமி

கணக்கு வேலை பற்றி நான் சொல்கிறேன் தம்பி, மருத்துவம் எனக்குத் தெரியாது.

எண் புரள்வதைக் கண்டுபிடிக்க மூளையை நம்ப வேண்டாம். மொத்தம் இடிக்கிறதா? வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் சொன்ன 5,640-க்கும் 5,460-க்கும் வித்தியாசம் 180. 9-ஆல் வகுத்தால் 20. ஒரு சைபர் கூடக் குறைய விழுந்தாலும் 9-ஆல் வகுபடும். வித்தியாசத்தில் பாதி ஏதாவது ஒரு வவுச்சர் தொகையாக இருந்தால் அது பற்று வரவு மாறி விழுந்தது. இந்த இரண்டும் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வரியாகத் தேடி மண்டையை உடைப்பது மிச்சம்.

அடித்த உடனே சரிபார்க்கக் கூடாது. களைத்த கண் தான் அடித்ததைத்தான் படிக்கும், பில்லில் இருப்பதைப் படிக்காது. இன்று அடித்ததை நாளைக் காலை பார்க்கட்டும், அதுவும் கீழிருந்து மேலாக. தொகையைச் சொல்லும்போது ‘ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது’ வேண்டாம், ‘ஐந்து, ஆறு, நான்கு, பூஜ்யம்’.

தேதி விஷயம். விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 மாதம் 11, வரி கட்டும் ரிட்டர்னான 3பி மாதம் 20 என்று எல்லாரும் 10-ம் தேதி ராத்திரியும் 19-ம் தேதி ராத்திரியும்தான் உட்காருகிறார்கள். அதை உடைக்க வேண்டும். விற்பனை பில்களை வாரம் ஒரு முறை மூடிவிட்டால் 5-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 தயார். 14-ம் தேதிவாக்கில் 2பி (நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வந்துவிடும், 15, 16, 17 மூன்று நாளும் காலையில் அரை அரை மணி நேரம் உள்ளீட்டு வரியை ஒப்பிட்டால் 18-ல் 3பி போட்டுவிடலாம். ஒரு நாள் படுத்தாலும் கையில் நாள் இருக்கும். ரிகன்சிலியேஷன் காலை முதல் தவணையில், வவுச்சர் என்ட்ரி இரண்டாவதில், பில் அடுக்குவது, ஃபைல் போடுவது எல்லாம் மத்தியானத்துக்கு மேல். ஃபோன் எடுக்கும் வேலையை மட்டும் வேறு யாரிடமாவது தள்ளிவிடச் சொல்லுங்கள். ஒரு கால் பேசிவிட்டு விட்ட இடத்துக்கு வருவதற்குள்தான் வரி தாண்டும். எழுந்து போகும்போது நின்ற வரிக்கு நேராக ஸ்கேலை வைத்துவிட்டு, அடுத்து செய்ய வேண்டியதை ஒரு வரி எழுதிவிட்டுப் போகட்டும்.

பேங்க் பேமென்ட்டைத் தனியாகச் செய்யவே வேண்டாம். ஒருவர் அடிக்க, இன்னொருவர் ஒப்புதல் கொடுக்கும் ஏற்பாட்டை நெட் பேங்கிங்கிலேயே வைத்துக்கொள்ளலாம். வீட்டு யுபிஐயிலும் தினசரி வரம்பைக் குறைத்துவிடுங்கள். களைத்திருக்கும் நேரம் பார்த்துத்தான் ஓடிபி கேட்டு ஃபோன் வரும்.

நியூரோசைக்_கோவை

பெரியசாமி ஐயா சொன்ன ஏற்பாட்டைக் கம்பெனியில் கேட்க ஒரு கடிதம் வேண்டும். டாக்டரிடம் நோயின் பெயரை மட்டும் எழுதி வாங்காதீர்கள், மேனேஜருக்கு அது எதையும் சொல்லாது. ‘தொடர்ந்து 30 நிமிஷத்துக்கு மேல் கவன வேலை கூடாது, இடையில் 10 நிமிஷம் சாய்ந்திருக்க இடம், நீண்ட நேரம் நிற்கக் கூடாது, சத்தம் குறைந்த இருக்கை, மூன்று மாதம், பிறகு மறுபரிசீலனை’ என்று செய்யக்கூடியதையும் கூடாததையும் எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் என்று போட்டால் நிர்வாகம் சம்மதிப்பது சுலபம்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் கோவிட்டின் பின்விளைவு பெயர் சொல்லி இல்லை. அரசு வேலையில் இருப்பவருக்கு அந்தச் சட்டத்தின் 20-வது பிரிவு கொஞ்சம் பிடிமானம் தரும். தனியார் கம்பெனியில் பேசித்தான் வாங்க வேண்டும். அக்காவின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், படுத்துவிடும் நாள்களுக்கு இஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழ் வாங்கட்டும். நிபந்தனைகள் பொருந்தினால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு சான்றிதழ் கேட்டால் கிடைக்காது, லீவு எடுக்கும் அன்றே போக வேண்டும்.

மறுபடி கோவிட் வராமல் பார்ப்பதும் முக்கியம். கூட்டமான பஸ்ஸில் என்95 போடச் சொல்லுங்கள். விரிவான டெஸ்ட்டுக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். சின்னரிசின் பற்றி டாக்டர் முடிவெடுத்து, பாட்ஸுக்கு வைத்தியம் தொடங்கி, ஆறு எட்டு வாரம் கழித்து எடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியும்.

செந்தில்_திருப்பூர்

வியாழக்கிழமை டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட். பயோட்டினை நாளையிலிருந்து நிறுத்தினால் சரியாக இருக்குமா மேடம்? புதன்கிழமை காலையில் ரத்தம் கொடுப்பதாக இருக்கிறோம், இன்றைக்குத் திங்கள்.

ஃபார்மா_மீனா

நாளை என்றால் ஒரு நாள்தான் ஆகும். இன்றைக்கே நிறுத்திவிட்டு, ரத்தம் கொடுப்பதை வியாழன் காலைக்குத் தள்ளுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது ரிசல்ட் வந்திருக்காது, பரவாயில்லை, நிற்கும் டெஸ்ட் எண்கள் கையில் இருக்கின்றன. லேப் ரிக்வெஸ்ட்டில் ‘பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்தவர்’ என்று எழுதச் சொல்லுங்கள். பி-காம்ப்ளெக்ஸ் அட்டையின் பின்பக்கத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள், பலவற்றில் பயோட்டின் அதிலேயே இருக்கும்.